கேளாமல் மாற்றிய பெயர்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அரியாலையில் பாதிப் பேர் "அது நல்ல பெடியனெல்லோ" என்று சொல்லிக்கொண்டு என் வாசல் படலைக்கு வந்துவிடுவார்கள். நல்லவர்தான். எனக்குக் கோபமே அதில்தான். கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் அன்றைக்கே ஏசித் தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். நல்லவரை முழுதாக ஏசவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"முடிச்சுப்போட்டன்." இதுதான் அவருடைய சொல். ஒரு காரியத்தைச் செய்யலாமா என்று அவர் யாரிடமும் கேட்டதை நான் கண்டதில்லை. செய்து முடித்துவிட்டு வந்து, கை இரண்டையும் தட்டிக்கொண்டு, "முடிச்சுப்போட்டன், அண்ணை. போய்ப் பாருங்கோ" என்பார். எது முடிந்தது என்பது போய்ப் பார்த்த பிறகுதான் தெரியும்.

நாற்பது வயதிருக்கும். வீட்டிலிருந்தபடியே எங்கோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினியில் வேலை செய்தார். மாலை நாலரைக்கு எங்கள் வாசிகசாலைக்கு வருவார். அக்காவின் லேடீஸ் சைக்கிள்; அதன் கூடையில் மடிக்கணினி, குழந்தைப்பிள்ளையைச் சுற்றியதுபோல ஒரு குளியல் துவாயில் சுற்றியபடி. மேசையில் அதை விரித்ததும் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக நெட்டி முறிப்பார். அதன்பிறகு அவருடன் கதைத்துப் பயனில்லை. கண் திரையில் இருக்கும். "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்பார். நாம் சொன்னதில் ஒன்றும் உள்ளே போயிராது.

நான் காணிப் பதிவகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். ஒரு காணி உறுதியில் ஒரு பெயர் மாறுவதென்றால் எத்தனை கையெழுத்து, எத்தனை சாட்சி, யாருக்கு முதலில் அறிவிக்கவேண்டும் என்று நித்திரையிலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகும் நாளையும் நேரத்தையும் குறித்து வைக்கும் பழக்கம் போகவில்லை. அதனால் கீழே வரும் நேரங்கள் என் குறிப்புப் புத்தகத்தில் உள்ளவை. ஞாபகத்திலிருந்து எழுதியவை அல்ல.

முதலில் என் புத்தக அலுமாரி. தங்கை மகளின் கலியாணத்துக்காக மூன்று நாள் வவுனியா போயிருந்தேன். சாவி அவரிடம் இருந்தது, பூனைக்குச் சாப்பாடு வைப்பதற்காக. திரும்பி வந்தால் படலையில் நின்று சிரிக்கிறார். "அலுமாரியை அடுக்கி முடிச்சுப்போட்டன், அண்ணை. உயரத்துக்கு உயரம். இப்பதான் பாக்க ஒரு வடிவு." நான் புத்தகங்களை வாசித்த வரிசையில் வைத்திருந்தேன். எந்தப் புத்தகத்துக்குப் பிறகு எந்தப் புத்தகம் என்பதுதான் எனக்கு என் வாழ்க்கையின் வரிசை. அதைச் சொன்னேன். "உயரமா இருந்தால் தேட லேசு" என்றார். பூனைக்கு நன்றாகவே சாப்பாடு வைத்திருந்தார்.

பிறகு வாசிகசாலைப் பத்திரிகைகள். மரண அறிவித்தல்கள் வந்த பக்கங்களை நான் வருட வாரியாகக் கட்டி, பின்னறை மூலையில் வைத்திருந்தேன். கறையான் வருகிறதென்று எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். யாருக்கு? நல்லூர் வீதியில் கச்சான் கடலை விற்கிறவருக்கு. நாலு நாள் தொடர்ந்து அங்கே போய்க் கச்சான் வாங்கினேன். ஒரு சுருளை விரித்தால் எங்கள் பழைய தபால்காரர் பாதி முகத்தோடு இருந்தார். கச்சான்காரர் கேட்டார்: "என்னண்ணை, கச்சானை விட்டிட்டுக் கடதாசியைப் பாக்கிறியள்?"

இதையும் சொல்லவேண்டும். ஒரு மார்கழி மழையில் தாழ்ந்த பக்கத்து வீடுகளுக்குள் முழங்கால்வரை வெள்ளம் வந்தது. வாசிகசாலையின் சாவி தலைவரிடம், தலைவர் கொழும்பில். செயலாளர் தொலைபேசியில் நிர்வாகசபையைக் கூட்ட முயன்றுகொண்டிருந்தார். இவர் ஓர் இரும்பு அலவாங்கோடு போய்ப் பூட்டை உடைத்து, பதினோரு குடும்பங்களை உள்ளே இருத்தி, அடுப்பும் மூட்டிவிட்டு வந்து, "முடிச்சுப்போட்டன்" என்றார். அன்றைக்கு அவரை யாரும் குறை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த அலவாங்கு ஒருமுறை சரியாக விழுந்ததால்தான் பிறகு அதை யாராலும் அவர் கையிலிருந்து வாங்க முடியாமல் போனது என்று இப்போது நினைக்கிறேன்.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

எழுபது வயதைத் தாண்டியவர்களின் குரல்களை நான் பதிவு செய்து வந்தேன். அரியாலையிலும் பக்கத்துக் கொழும்புத்துறையிலும். எந்தக் காற்றில் கடல் எப்படி இருக்கும், எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்த ஒழுங்கையால் முன்பு வண்டில் போனது என்று அவர்கள் சொல்லச் சொல்ல. இவற்றை எல்லோரும் கேட்கும்படி ஒரு செயலியில் போடலாம் என்றவரும், போட்டுத் தந்தவரும் இவர்தான். "முகிலிலை ஏத்தியாச்சு, அண்ணை. எங்கடை வீடு எரிஞ்சாலும் இது எரியாது" என்றார். அந்தச் செயலிக்கு ஊர்க்குரல் என்று நான் பெயர் வைத்தேன். வைத்த பெயர்தான் அதன் இணைய முகவரியும். பெயர் மாறினால் முகவரியும் மாறும். இதை எனக்குச் சொல்லித் தந்தவரும் அவரே.

வாசிகசாலைக் கணினியிலிருந்து புதிய குரல்களை ஏற்றவும் பழக்கினார். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை எழுதி அழுத்தினால் முடிந்தது. ஒருநாள் அதே திரையில் வேறொன்றும் காட்டினார். ஒரு செயலியை அழிக்கச் சொன்னால் அந்தக் கருவி உடனே அழிக்காது. அதன் பெயரை இன்னொருமுறை எழுதிக் காட்டு என்று கேட்கும். "பேர் மாத்தச் சொன்னால் கேக்காது. ஒரு வரி, ரெண்டு செக்கன்" என்று சிரித்தார். அழிக்கும்போது கேட்கிற அறிவு மாற்றும்போது ஏன் இல்லை என்று நான் கேட்டேன். விரல் முறித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை; வந்தவர்களுக்கு இறந்தவரின் நினைவு மலர் ஒன்று கொடுப்பார்கள். படம், குடும்ப வரலாறு, பாட்டு. நான் பதிவு செய்த ஒருவர் இறந்தபோது அந்த மலரின் கடைசிப் பக்கத்தில் சதுரக் குறி ஒன்றை அச்சடிக்கச் சொன்னேன். தொலைபேசியை அதன்மேல் பிடித்தால் அவருடைய குரல் கேட்கும். மற்றக் குடும்பங்களும் கேட்டன. அப்படி எட்டு மலர்கள் வெளிவந்தன. அவை கனடாவுக்கும் லண்டனுக்கும் பயணப் பெட்டிகளில் போயின.

ஒன்பதாவது, கொழும்புத்துறைப் பரமேசக்காவின் கணவருடையது. பரவைக் கடலில் மீன்பிடித் தொழில் செய்தவர். பதினேழு நிமிடம் கதைத்திருந்தார். பரமேசக்காவின் ஒரே மகள் பிரான்சில். அக்கா அந்த வீட்டில் தனியே. தொலைபேசியில் எழுத்து அடிக்கக் கண்ணும் விரலும் ஒத்துழைக்காது. அச்சுப் பிரதி வந்த வியாழக்கிழமை அவவுக்கு அந்த ஒரு வேலையைப் பழக்கினேன்: கமராவைத் திற, சதுரத்தின்மேல் பிடி, வருகிறதைத் தொடு. மூன்றாம் தடவை தானாகச் செய்தா. கணவரின் இருமல் கேட்டது. அதன்பின் குரல்.

"இனி நான் ஆரையும் கெஞ்சத் தேவையில்லை, தம்பி" என்றா. "பக்கத்து வீட்டிலை போய், பிள்ளை ஒருக்காப் போட்டுத்தா எண்டு நிக்கத் தேவையில்லை. நினைச்ச நேரம் நானே கேப்பன்."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை அவர் செயலியின் பெயரை மாற்றினார்.

எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு ஒரு புதிய குரலை ஏற்றப் போனேன். அப்படி ஒரு செயலி இல்லை என்று கறுப்புத் திரை சொன்னது. வாசிகசாலைக் கணினி பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? என் எழுத்துப் பிழை என்று நினைத்துப் பன்னிரண்டு மணிவரை திரும்பத் திரும்ப எழுதினேன். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீரிமலையில் கிரியை முடிந்து, கொழும்புத்துறை வீட்டில் முதல் பந்தி நடக்கும்போது மலர்களைத் தட்டத்தில் வைத்துக் கொடுத்தார்கள். மகள் பிரான்சிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். பலர் தொலைபேசியை எடுத்தார்கள். பரமேசக்கா எழும்பினா.

"எல்லாரும் பொறுங்கோ. நான்தான் முதல் பிடிப்பன்."

பிடித்தா. தொட்டா. வெள்ளைத் திரை. ஆங்கிலத்தில் ஒரு வரி. மறுபடி பிடித்தா. தன் கையில்தான் பிழையோ என்று மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பிடித்தா. அதே வெள்ளைத் திரை.

மைத்துனர் ஒருவர் பின்னாலிருந்து சொன்னார்: "அத்தான் உயிரோடை இருக்கேக்கையும் கூப்பிட்டால் வாற ஆளில்லையே!" சபை சிரித்தது. பரமேசக்கா தொலைபேசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தா.

பெயரை மாற்றியவரைப் பந்தியில் கண்டுபிடித்தேன். வாழையிலையில் மூன்றாம் சோறு. நேரம் பன்னிரண்டு நாற்பது.

"செயலிக்கு என்ன நடந்தது?"

"ஓ, அதை உங்களுக்குச் சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான்" என்றார். "பேரை மாத்தி முடிச்சுப்போட்டன், அண்ணை. வெள்ளிக்கிழமையே. அரியாலைக்குரல்."

"ஏன்?"

"ஊர்க்குரல் எண்டு ஆரும் வைக்கலாம். எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றுற பேர். எங்கடை பேர் தனியா நிக்கவேணுமெல்லோ?"

"இஞ்சை முந்நூறு மலர், எட்டுக் குடும்பத்தின்ரை பழைய மலர், எல்லாத்திலையும் பழைய முகவரி அடிச்சுக் கிடக்கு. மாத்தும். இப்பவே பழைய பேரைத் திருப்பி வையும்."

சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "புத்தகத்திலை அடிக்கிறியள் எண்டு நீங்கள் எனக்கு ஒருநாளாவது சொன்னனீங்களே?"

நான் சொல்லவில்லை. அதை எழுதாவிட்டால் இந்தக் குறிப்பு நேர்மையானதாக இராது. சதுரக் குறியை நானே செய்து அச்சகத்துக்குக் கொடுத்தேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் சொன்னது சரி. அது இன்னும் என் கோபத்தைக் கூட்டியது.

"சரி, நான் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன். மாத்தும்."

"பின்னுக்குப் போறது எனக்குச் சரிவராது, அண்ணை. புதுக் குறி அடிச்சு ஒட்டுவம். ரெண்டு நாள் வேலை."

"கனடாவிலை கிடக்கிறதை ஆர் போய் ஒட்டுறது?"

"அண்ணை, முதல்லை பாயசத்தைக் குடிப்பம். பின்னேரம் பாப்பம்."

பாயசம் குடித்தார். வீட்டுக்குப் போய்ப் படுத்தார். இரண்டு பத்துக்கு என் தொலைபேசியில் பழைய முகவரியைப் பார்த்தேன். அதே வெள்ளைத் திரை. பெயர் அப்போதும் யாரும் எடுக்காமல் கிடந்தது. நாலே முக்காலுக்கு வாசிகசாலைக்கு வந்தார். துவாயை விரித்தார். விரல் முறித்தார். பழைய பெயரை எழுதி அழுத்தினார்.

அந்தப் பெயர் ஏற்கனவே எடுக்கப்பட்டுள்ளது என்று கருவி சொன்னது.

மறுபடி அழுத்தினார். மூன்றாம் முறை, மெதுவாக, எழுத்து எழுத்தாக. உலகத்தின் எந்த மூலையிலோ யாரோ ஒருவர் அந்த மதிய வேளையில் அதைத் தன் செயலிக்கு வைத்துவிட்டார். யாரென்று இன்றுவரை தெரியாது. எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றக்கூடிய பெயர்தானே.

"நாங்கள் விட்டால் ஆரும் எடுக்கலாம்" என்றார், எனக்குப் புதிதாக ஏதோ கற்பிப்பதுபோல.

"இது உமக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும். ஆனால் ஆர் எடுக்கப்போகினம் எண்டு நினைச்சன்."

அன்றைக்கு நான் அவரைச் சொன்ன சொற்களை எழுதவில்லை. காணிப் பதிவகத்தில் முப்பத்தொரு வருடம் கேட்டுச் சேர்த்தவை எல்லாம் ஒரே மாலையில் வெளியே வந்தன. அவர் மடிக்கணினியை மூடினார். துவாயை மடித்தார். போய்விட்டார்.

எட்டுக் குடும்பங்களுக்கும் நானே அறிவித்தேன். கனடாவில் ஒருத்தி, தன் தகப்பனின் மலரில் குறியைப் பிடித்தால் பேர் ஊர் தெரியாத ஏதோ சப்பாத்து விற்கிற பக்கம் வருகிறது என்று சொல்லி அழுதாள். புதிய குறியை அனுப்பினேன். "மலரிலை கிடக்கிறது அப்பிடியே தானே கிடக்கும், மாமா" என்றாள். ஓம் என்றேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் என் படலையில் நின்றார். கையில் ஒட்டும் தாள்கள். "புதுக் குறி அடிச்சு முடிச்சுப்போட்டன், அண்ணை. வாங்கோ." என்னைக் கேட்கவில்லை. ஆனால் பரமேசக்கா நாலு நாளாகக் குரல் இல்லாமல் இருக்கிறா. சைக்கிளை எடுத்தேன். கொழும்புத்துறைவரை அவர் முன்னால், நான் பின்னால்.

வீட்டில் எஞ்சியிருந்த பதினான்கு மலர்களையும் அக்கா எடுத்து வைத்தா. ஒவ்வொன்றாக ஒட்டினோம். சுவாமித்தட்டில் படத்தடியில் இருந்த பிரதியில் கடைசியாக ஒட்டினேன். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தா. சதுரத்தின் கீழே முகவரி சின்ன ஆங்கில எழுத்தில் இருந்தது. கலியாணத்துக்கு முன் தபாற்கந்தோரில் வேலை செய்தவ. எழுத்தெழுத்தாக வாசித்தா.

"உதென்ன, அரியாலை எண்டு கிடக்கு?"

நான் அவரைப் பார்த்தேன்.

"அது செயலியின்ரை பேர், அக்கா" என்றார்.

"என்ரை மனுசன் அரியாலையோ?"

"பக்கத்திலைதானே, அக்கா."

"பக்கத்திலையோ? மோனை, அந்தாள் அரியாலையாரோடை இறால் பிடிக்கிற இடத்துக்குச் சண்டை பிடிச்சுப் பத்து வரியம் கதையாமல் இருந்தது. செத்த பிறகு கொண்டுபோய் அவையளின்ரை பேருக்குக் கீழை வைச்சிருக்கிறாய்!"

"ஐயோ அக்கா, இது ஒரு வேலையே?" என்றார். உண்மையாகவே அவருக்கு மனம் நொந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. "உங்களுக்குப் பிடிக்காட்டில் வேறை பேர்."

நான் மலர்களை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் விரல்கள் நெட்டி முறியும் சத்தம் கேட்டது. திரும்பினேன். துவாய் விரிந்து கிடந்தது. கறுப்புத் திரை திறந்திருந்தது. ஒரு வரி முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. இன்னும் நாலு எழுத்து, ஓர் அழுத்து. அத்தோடு சற்றுமுன் ஒட்டிய பதினான்கும், எட்டு வீடுகளுக்கு அனுப்பிய புதிய குறிகளும் போய்விடும்.

மூடியைப் பிடித்து அடித்து மூடினேன். அவருடைய விரல்கள் உள்ளே இருந்தன. கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தேன்.

"அண்ணை, நோகுது!"

"கேளும்."

"என்னத்தை?"

"அவவைக் கேளும். மாத்திப்போட்டு இல்லை. இப்ப கேளும்."

அவர் என்னைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். கேள்வி ஒன்றை எப்படித் தொடங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை. அதைத்தான் அந்த முகத்தில் கண்டேன்.

"அக்கா," என்றார். "பேரை... மாத்தட்டோ?"

"மாத்தினால் இப்ப ஒட்டின சதுரம் வேலை செய்யுமோ?"

"செய்யாது. திரும்ப ஒட்டவேணும்."

"எத்தினை நாள்?"

"ரெண்டு மூண்டு நாள். தூர இடத்துக்கு... தெரியேல்லை."

பரமேசக்கா சுவாமித்தட்டில் இருந்த படத்தைப் பார்த்தா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா.

"அப்ப உதை விடு," என்றா. "அரியாலையெண்டே கிடக்கட்டும். எனக்கு அந்தாளின்ரை சத்தம் வேணும்."

என் பிடி சற்றுத் தளர, அவர் விரல்களை இழுத்துக்கொண்டார். அக்கா தொலைபேசியை எடுத்து, கமராவைத் திறந்து, சதுரத்தின்மேல் பிடித்தா. வந்ததைத் தொட்டா. இருமல் கேட்டது.

"என்ரை சொந்த ஊர் கொழும்புத்துறை," என்று அக்காவின் கணவர் தொடங்கினார். "பிறந்தது, தொழில் செய்தது, எல்லாம் இஞ்சைதான்."

அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அவர் விரல்களை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டு நின்றார். குரல் ஓடிய பதினேழு நிமிடமும் நான் அந்த மூடியின்மேலிருந்து கையை எடுக்கவில்லை.